புள்ளியை விழுங்கிய 141

கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பல ஆண்டுகளாக ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. என் தாய்மாமா ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த 31 நெகிழ்வட்டுகள் அதனுள் அடுக்கப்பட்டிருந்தன. சென்ற மாரியில் கூரை ஒழுகிய நாளொன்றில் பேணியை இறக்கித் திறந்தபோது, சில வட்டுகளின் காந்தப் பரப்பில் வெண்பூஞ்சணம் படரத் தொடங்கியிருந்தது. ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக இருக்கும் எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் தப்பி நிற்கும் பொருள்கள் குறைவு.

“மாமா, இன்னும் ஒரு மாரி போனால் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. நான் படித்து எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“எடுத்து வையுங்கள் மகள். ஆனால் அதற்குள் இருப்பது நான் எழுதியது மட்டுமில்லை. மற்றவர்கள் எழுதியதும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்” என்றார்.

அந்த வட்டுகளைப் படிக்கும் செய்நிரல்களை நான் எழுதிய கதைதான் இது. கணினி கற்பிப்பவள் என்ற முறையில் இரண்டு வார வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். ஐந்து மாதங்கள் ஆயின. நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் அவற்றுள் சில தமிழில் எழுதியவர்களின் பழைய தரவைத் தொடும் எவருக்கும் நேரக்கூடியவை.

மாமா 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போனவர். அங்கே அவர், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மொடெம் கருவி வழியாக அழைத்தவை பீ.பீ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட அறிவித்தற்பலகை முறைமைகள். ஒருவர் தம் வீட்டுக் கணினியைத் தொலைபேசி இணைப்பொன்றில் பொருத்தி வைப்பார். மற்றவர்கள் தத்தம் கணினியிலிருந்து அந்த எண்ணை அழைத்துச் செய்திகளைப் படிப்பர், பதில் இடுவர், கோப்புகளை இறக்குவர். இவ்வகைப் பலகைகளுள் முதலாவதை வோர்ட் கிறிஸ்டென்சனும் ரன்டி சூஸும் சிக்காகோவில் கடும் பனிப்பொழிவு காலத்தில் தொடங்கி, 1978 பெப்ரவரி 16 அன்று திறந்தனர். எங்கள் ஊரில் 1978 என்றால் அவ்வாண்டு நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளிதான் எவருக்கும் நினைவுக்கு வரும். சூறாவளிக்கு முன் என்றும் பின் என்றும் காலத்தைக் கணக்கிடும் மூத்தோர் இன்றும் இருக்கின்றனர். அந்தச் சிக்காகோப் பலகையின் வழிவந்த ஒன்றில் எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளின் பின் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஒரு தொலைபேசி இணைப்பைக் கொண்ட பலகையில் ஒரு நேரத்தில் ஒருவரே நுழைய முடியும். மாமாவின் பக்கத்திலும் சிக்கல் இருந்தது: ஐந்து பேர் பகிர்ந்து வாழ்ந்த அடுக்குமாடி வீட்டில் ஒரேயொரு தொலைபேசி. அவருடைய மொடெமின் வேகம் நொடிக்கு 2400 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுப் பிட்டுகளையும் சேர்த்துப் பத்துப் பிட் செலவாவதால், நொடிக்கு 240 எழுத்துகளே வரும்; ஒரு முழு நெகிழ்வட்டின் அளவை இறக்க ஒரு மணி 42 நிமிடம் பிடிக்கும். ஆகவே இணைப்பில் இருந்தபடியே படிப்பது கட்டுப்படியாகாது. புதிய செய்திகளை ஒரே பொதியாகக் கட்டி இறக்கி, தொலைபேசியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ஆறுதலாகப் படித்துப் பதில்களை எழுதி, மறுநாள் பதிற்பொதியை ஏற்றுவது வழக்கமாயிற்று. அதற்கெனப் பரவலாகப் பயன்பட்ட பொதிவடிவம் க்யூ.டபிள்யூ.கே.; ஸ்பார்க்வெயர் என்ற பெயரில் மென்பொருள் எழுதிய மார்க் ஹெரிங் 1987இல் உருவாக்கியது. மாமாவின் வட்டுகளில் பெரும்பாலும் இருந்தவை இந்தப் பொதிகளே.

முதல் வேலை, வட்டுகளை நேரடியாகத் திறக்காமல் இருப்பது. ஒவ்வொரு வட்டையும் யூ.எஸ்.பி. இயக்கியில் இட்டு, டீடீரெஸ்கியூ என்னும் கருவியால் 2880 பிரிவுகளையும், பிரிவுக்கு 512 பைட்டாக, அப்படியே ஒரு படிமக் கோப்பாக எடுத்தேன். படிக்க மறுத்த பிரிவுகளை அக்கருவி தாவிச் சென்று, பிறகு திரும்பி வந்து பலமுறை முயல்கிறது. 27 வட்டுகள் முழுமையாக வந்தன, மூன்று அரைகுறையாக வந்தன, ஒன்று வரவே இல்லை. ஒரு பைட்டு மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஷா-256 அடையாள எண்ணைப் படிமம் ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொண்டு, அதன் பின் வட்டுகளைத் தொடவில்லை.

பொதிகள் சுருக்கப்பட்டிருந்தன. பைதன் என்ற செய்நிரல் மொழியின் ஸிப் நூலகத்தை நம்பிப் போனால் சில பொதிகளை அது திறக்க மறுத்தது. கோப்புகளைச் சுருக்கும் பீகேஸிப் மென்பொருளின் 1993க்கு முந்திய பதிப்புகள் இம்புளோட் என்ற சுருக்கமுறையைப் பயன்படுத்தின. இன்றைய ஸிப் கோப்புகளில் வழக்கமான டிஃபிளேட் முறை பின்னர் வந்தது. பைதன் நூலகத்துக்குப் பழைய முறை தெரியாது. லினக்ஸில் உள்ள இன்ஃபோ-ஸிப்பின் அன்ஸிப் கருவிக்குத் தெரியும். எனவே அந்த ஒரு படிக்கு மட்டும் வெளிக்கருவியை அழைத்தேன்.

பொதிக்குள் இருக்கும் செய்திக் கோப்பு 128 பைட்டுத் துண்டுகளால் ஆனது. முதல் துண்டு பொதியை உருவாக்கிய மென்பொருளின் உரிமைக்குறிப்பு. அதன்பின் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்புத் துண்டும், உரைக்கு வேண்டிய அளவு துண்டுகளும். தலைப்பில் நிலைக்குறி ஒரு பைட்டு, செய்தி எண் 7, திகதி 8, நேரம் 5, பெறுநர் 25, அனுப்புநர் 25, பொருள் 25, கடவுச்சொல் 12, எந்தச் செய்திக்குப் பதில் என்பது 8, மொத்தத் துண்டுகளின் எண்ணிக்கை 6, செய்தி உயிரோடு இருக்கிறதா என்பது ஒன்று, இறுதியில், செய்தி பலகையின் எந்த உரையாடல் அரங்கத்தைச் சேர்ந்தது என்று காட்டும் அரங்க எண்ணுக்கும் பிறவற்றுக்கும் ஐந்து. இவற்றுள் பெரும்பாலான எண்கள் எழுத்துகளாகவும் அரங்க எண் மட்டும் இரும வடிவிலும், குறைந்த மதிப்புடைய பைட்டு முன்னாலும் இருக்கும். புலங்களுக்கு இடையே கோடோ காற்புள்ளியோ கிடையாது. எந்த இடத்தில் எது முடிகிறது என்பதை அறிந்தவரே படிக்கலாம்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் பக்கத்துக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ஏடு படிப்பவர்கள் நினைவுக்கு வந்தனர். பழைய ஓலையில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதை ஏட்டில் தேடிப் பயனில்லை; படிப்பவர் தம் பழக்கத்தால் அறிந்து படிக்கிறார். 128 பைட்டுகளின் முன் நான் இருந்த நிலையும் அதுதான். ஏடு படிப்பவர் ஏட்டின் மேல் திருத்தி எழுதமாட்டார் என்பதை மட்டும் நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

அரைகுறையாக வந்த மூன்று வட்டுகளில் மாமா சில பொதிகளை விரித்தே வைத்திருந்தார், அது பெரும் உதவியாயிற்று. சுருக்கிய கோப்பில் ஒரு பிரிவு கெட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் கெடும். விரித்த கோப்பில், 512ஐ 128 ஆல் வகுத்தால் நான்கு ஆகையால், ஒரு பிரிவு கெட்டால் நான்கு துண்டுகள் மட்டுமே போகும். ஆனால் போனவற்றுள் ஒரு தலைப்பும் இருந்துவிட்டால் அடுத்த செய்தி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. அதற்கு ஒரு சிறு சோதனையை எழுதினேன்: ஒவ்வொரு துண்டிலும் 123ஆம் பைட்டு 225ஆக, அதாவது உயிருள்ள செய்தியாக, அல்லது 226ஆக, அதாவது நீக்கப்பட்ட செய்தியாக இருக்கிறதா? 9ஆம் பைட்டு முதல் 16ஆம் பைட்டு வரை இரண்டிரண்டு இலக்கங்களும் இடையே சிறு கோடுகளுமாக ஒரு திகதி இருக்கிறதா? இரண்டும் பொருந்தினால் அது தலைப்பு. இந்த வழியில் 40க்கும் மேற்பட்ட செய்திகள் திரும்பக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று என் அம்மம்மா காலமான செய்தி கேட்டு மாமா எழுதியது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதமாட்டேன்.

பொதியில் ஒவ்வோர் அரங்கத்துக்கும் ஒரு சுட்டிக் கோப்பும் உண்டு; செய்தி எந்தத் துண்டில் தொடங்குகிறது என்பதை அது சொல்லும். அதிலுள்ள எண்கள் மிகச் சிறிய எதிர்மறைப் பின்னங்களாக வந்தபோது வட்டு கெட்டுவிட்டதென்றே எண்ணினேன். கெடவில்லை. அவை, பின்ன எண்களை எழுத மைக்ரோசாஃப்ட் பேசிக் மொழி பயன்படுத்திய பழைய மிதவைப்புள்ளி வடிவில் எழுதப்பட்டவை. அந்தக் கணித முறையை 1975இல் அல்டெயர் பேசிக்குக்காக எழுதியவர் மொன்டி டேவிடொஃப். இன்று கணினிகள் யாவும் பின்பற்றும் ஐ.ஈ.ஈ.ஈ. 754 தரநிலை 1985இல்தான் வெளிவந்தது. பழைய வடிவில் நான்காம் பைட்டு முழுவதும் அடுக்கெண். எண் நேரா எதிரா என்று காட்டும் குறிப் பிட் மூன்றாம் பைட்டின் தலையில் இருக்கும். புதிய வடிவில் அந்தக் குறிப் பிட் நான்காம் பைட்டின் தலைக்கு வந்துவிட்டது. ஆகவே 1 என்ற எண்ணை எழுதிய 0, 0, 0, 129 என்னும் பைட்டுகளைப் பைதன் புதிய முறையில் படித்தால், சுழியை ஒட்டிய ஓர் எதிர்மறை எண் கிடைக்கும். அடுக்கிலிருந்து 129ஐக் கழித்து, மூன்றாம் பைட்டின் தலைப்பிட்டைக் குறியாகவும் எஞ்சிய 23 பிட்டுகளைப் பின்னமாகவும் எடுத்து நானே கணக்கிட்டதும் எண்கள் ஒழுங்காக வந்தன. ஆறு வரிச் செய்நிரல். அதைக் கண்டுபிடிக்க நான்கு இரவுகள்.

என்னுடைய மிகப் பெரிய பிழை எண்களில் நேரவில்லை, எழுத்தில் நேர்ந்தது.

1990களின் முற்பகுதியில் மாமாவும் நண்பர்களும் தமிழை ரோமன் எழுத்தில் எழுதினர். ஆங்கிலத்தில் ஒரே எல், ஒரே என் இருப்பதால், சிறிய எல் என்றால் ‘ல’, பெரிய எல் என்றால் ‘ள’. சிறிய என் ‘ன’, பெரிய என் ‘ண’ என்று வேறுபடுத்தினர். செய்திகளைத் தேடுவதற்குச் சுட்டி ஆக்கும்போது, எல்லாச் சொற்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுவது செய்நிரலாளர் கைப்பழக்கம். நானும் யோசிக்காமல் அதையே செய்தேன். அந்த ஒரு வரியால் மணமும் மனமும் ஒன்றாயின, களையும் கலையும் ஒன்றாயின. அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, ‘புலி’ என்ற தலைப்பின் கீழ் மாமாவின் செய்திகள் 19 நின்றன.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினொன்று புளியாணம் காய்ச்சுவது பற்றியவை. ரொறன்ரோவின் குளிரில் காய்ச்சலோடு கிடந்த ஒருவர் ஊரில் அம்மா காய்ச்சித் தரும் புளியாணம் வேண்டும் என்று எழுத, ஆளாளுக்கு மிளகு எவ்வளவு, உள்ளி எவ்வளவு, பழப்புளியா கொறுக்காயா என்று பல நாட்கள் எழுதியிருக்கின்றனர். ஆறு புளியந்தீவைப் பற்றியவை. மாமா படித்த பள்ளியும் பழைய கோட்டையும் இருக்கும் இடம். எஞ்சிய இரண்டும் புளிய மரத்தைப் பற்றியவை.

எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பாரத்தை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஆவணத்தில் ஒருவருடைய பெயருக்கு அருகே எந்தச் சொல் நிற்கிறது என்பதால் வாழ்க்கை மாறிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். இந்தச் சுட்டியை நான் பார்க்காமல் விட்டு, வேறொருவர் கையில் சேர்ந்திருந்தால், தன் மருமகளே தன்னைப் பற்றி ஒரு பொய்யை எழுதிவைத்தாள் என்று மாமா வருந்த நேர்ந்திருக்கும். அன்றிரவே அந்த வரியை நீக்கினேன். எழுத்தைச் சிறிதாக்குவது, இடைவெளிகளைச் சுருக்குவது, நிறுத்தற்குறிகளை நீக்குவது ஆகிய எதையும் மூல உரையின் மேல் செய்வதில்லை என்றும் அன்றே முடிவெடுத்தேன்.

திகதிகளையும் இப்படியே ஆற அமரப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பொதிவடிவில் மாதம் முன்னே வரும், ஆண்டு இரண்டு இலக்கம் மட்டும். நாங்கள் நாளை முன்னே எழுதுபவர்கள் ஆகையால் 05-07 என்பதைக் கண்டவுடன் யூலை ஐந்து என்றே கண் படிக்கும். அது மே ஏழு. நேரவலயம் எங்கும் எழுதப்படவில்லை. பலகையின் கடிகாரம் காட்டியதே நேரம். ரொறன்ரோ நேரத்தை ஊர் நேரத்துக்கு மாற்ற, கோடையில் ஒன்பதரை மணியைக் கூட்டினால் போதும் என்று எழுதியிருந்தேன். 1996 யூன் மாதச் செய்தியொன்று என்னைத் தடுத்தது. இரவு எட்டு மணிக்கு அனுப்பிய அச்செய்தியில் மாமா, இப்போதுதான் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன், அங்கே காலை ஆறரை என்று அக்கா சொன்னார் என்று எழுதியிருந்தார். என் கணக்கில் ஐந்தரை.

அக்கா சரியாகவே சொல்லியிருக்கிறார். 1996 மே 25 அன்று இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்னுக்கு வந்தன. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பின. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே தொடர்ந்தன. 1996இல் எனக்கு ஏழு வயது. புதிய நேரம், பழைய நேரம் என்று வீட்டில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது, செய்நிரல் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. உலக நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்பின் பெயரில் இம்மாற்றங்கள் யாவும் பதிவாகியிருக்கின்றன. எனவே கையால் கூட்டுவதை விட்டு, அதைக் கொண்டே மாற்றினேன்.

இனித் தலைப்பில் சொன்ன 141க்கு வருகிறேன்.

மாமா சில காலம் ஃபைடோநெட்டிலும் இணைந்திருந்தார். டொம் ஜெனிங்ஸ் 1984இல் தொடக்கிய அந்த வலையில், பலகைகள் இரவில் ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும். அதன் செய்திக் கோப்பு எளியது: 190 பைட்டுத் தலைப்பு, பின்னர் உரை, முடிவில் ஒரு சுழிப் பைட்டு. உரையைப் பற்றிய விதிகளுள் ஒன்று, 141 என்னும் பைட்டை மென்வரிமுறிவாகக் கருதிப் புறக்கணிக்க வேண்டும் என்பது. முன்பு கைவைத்த ஏதோவொரு மென்பொருள் வரியை மடித்த இடம் அது என்று பொருள். விதிப்படி என் செய்நிரலும் 141ஐக் கண்ட இடமெல்லாம் நீக்கியது. மாமாவின் செய்திகளில் இதனால் எந்தக் கேடும் இல்லை, அவை ரோமன் எழுத்தில் இருந்தமையால்.

செய்நிரலைச் சோதிக்க, இன்றைய யுனிகோட் தமிழில் நானே சில செய்திகளை அதே வடிவில் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தேன். உயிர்மெய்கள் யாவும் ஒழுங்காக வந்தன. மெய்யெழுத்து ஒவ்வொன்றிலும் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த குறி ஒன்று நின்றது. ‘தமிழ்’ என்ற சொல்லில் ழகரத்தின் புள்ளி போயிருந்தது. ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லில் மூன்று புள்ளிகளும் போயிருந்தன.

காரணத்தைக் கண்டபோது சிறிது நேரம் அசையாமல் இருந்தேன். யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூ.டீ.எஃப்-8 முறையில் தமிழ்ப் புள்ளி மூன்று பைட்டுகளால் எழுதப்படுகிறது: 224, 175, 141. கடைசிப் பைட்டை வரிமுறிவென்று எண்ணிச் செய்நிரல் விழுங்கிவிட்டது. அந்த விதியை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது, யுனிகோடும் அப்போது இல்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. என்றாலும், ஓலையில் எழுத்தாணிக்கு அஞ்சி விட்டுப்போன அதே புள்ளி, அச்சில் நிலைபெற்றுக் கணினிக்கும் வந்துசேர்ந்த பின், 1980களின் விதியொன்றினால் மறுபடியும் விட்டுப்போவதைக் கண்ணால் கண்டது எனக்குச் சாதாரணமாக இல்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததுமில்லை. ரஷ்யர்கள் ஃபைடோநெட்டைப் பெரிதும் பயன்படுத்தினர். எந்தப் பைட்டு எந்த எழுத்து என்று சொல்லும் அவர்களுடைய கோட் பேஜ் 866 அட்டவணையில் 141ஆம் இடத்தில் இருப்பது அவர்களது பெரிய ‘ந’ எழுத்து. அது செய்திகளில் காணாமல் போவதால், அதே தோற்றமுடைய ஆங்கில எச் எழுத்தை இட்டு எழுதப் பழகினர். அவ்வாறு எழுதியதை இன்று ஒரு செய்நிரல் பிழையென்று திருத்தப் புகுந்தால், ஒரு தலைமுறை கைக்கொண்ட வழியின் சுவடு அழிந்துபோகும்.

இதைக் கண்டபின் க்யூ.டபிள்யூ.கே. வடிவிலும் இத்தகைய பைட்டு உண்டா என்று பார்த்தேன். உண்டு. அங்கே வரிமுடிவைக் குறிப்பது 227, ஐ.பி.எம். கணினியின் கோட் பேஜ் 437 அட்டவணையில் ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தின் இடம். யுனிகோட் தமிழுக்கு இதனால் இடரில்லை, ஏனெனில் யூ.டீ.எஃப்-8இல் தமிழ் எழுத்து எதிலும் 227 வராது. ஆனால் யுனிகோடுக்கு முன் நம்மவர் பயன்படுத்திய திஸ்கி குறியீட்டில் 227 என்பது ‘மூ’. திஸ்கியில் எழுதிய ஒரு செய்தி இப்பொதியில் ஏறினால் மூச்சு, மூன்று, மூங்கில் என ‘மூ’ வரும் இடமெல்லாம் வரி உடையும், எழுத்தும் மறையும். பாமினி எழுத்துருவில் எழுதியது தப்பும். இலங்கையில் நீண்ட காலம் கோலோச்சிய அம்முறையில் தகரத்துக்கு ஆங்கில ஜே, மகரத்துக்குக் கே என்று சாதாரண விசைப்பலகை எழுத்துகளே பெரும்பாலும் நின்றன. மாமாவின் பொதிகளில் திஸ்கியோ பாமினியோ இல்லை. எனினும் வேறொருவருடைய வட்டு நாளை என் கைக்கு வரலாம் என்பதால், உரை எந்தக் குறியீட்டில் இருக்கக்கூடும் என்பதை முதலில் ஊகித்து, அதன் பிறகே 227ஐயோ 141ஐயோ தொடும்படி செய்நிரலை மாற்றியமைத்தேன்.

இப்போது ஒவ்வொரு செய்தியும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக இருக்கிறது. முதல் நிரலில் மூலப் பைட்டுகள், வட்டில் இருந்தவாறே, முடிவில் இட்டு நிரப்பிய வெற்றிடங்களோடு. இரண்டாம் நிரலில் எந்த வட்டு, எந்தக் கோப்பு, எத்தனையாவது பைட்டு என்ற முகவரி. அடுத்தவை செய்நிரல் படித்துச் சொன்னவை: ரோமன் உரை, அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிய வடிவம், திகதி. ஒவ்வொரு முடிவுக்கும் அருகே அது எந்த விதியால் வந்தது என்ற குறிப்பும் உண்டு. ஒரு விதி பிழையென்று தெரிந்தால் அந்த நிரலை அழித்துவிட்டு மூலத்திலிருந்து மறுபடி ஆக்கலாம். அழிக்க முடியாதது முதல் நிரல் ஒன்றே. தொடக்கத்திலேயே இப்படிச் செய்திருந்தால், சிறிய எழுத்தாக்கிய அந்த வரிக்காக 30 படிமங்களையும் மீண்டும் திறந்திருக்க வேண்டியதில்லை.

மாமா முதல் நாள் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டது கடைசி வட்டில். அதில் மூடப்பட்டுவிட்ட ஒரு பலகையின் பயனர் கோப்பு இருந்தது. அதை நடத்தியவர் பாதுகாப்புக்காக மாமாவிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தாராம். அக்காலத்துப் பலகை மென்பொருள்கள் பல டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியில் ஒரு சொற்றொடரின் முதல் பைட்டு அதன் நீளம். 35 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 10 எழுத்துப் பெயர் இருந்தால், மீதி 25 இடங்களில் அதற்கு முன் நினைவகத்தில் இருந்தவை அப்படியே கிடக்கும். பெயரை மட்டும் படிக்கும் செய்நிரலுக்கு அவை தெரிவதில்லை. மூலப் பைட்டுகளைத் திறந்து பார்த்த எனக்கு, ஒருவரின் பெயருக்குப் பின்னால் இன்னொருவரின் தொலைபேசி எண்ணின் வால் தெரிந்தது. மூலத்தைச் சிதைக்கக் கூடாது என்ற என் விதியும், மற்றவர்களின் எழுத்தை மனதில் வை என்ற மாமாவின் சொல்லும் அந்த ஒரு கோப்பில் எதிரெதிராக நின்றன. அக்கோப்பை நான் தரவுத்தளத்தில் சேர்க்கவில்லை. படிமம் பூட்டப்பட்ட வன்தட்டொன்றில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதை மாமாதான் சொல்ல வேண்டும். நீக்கப்பட்டவை என்று 226 குறியிட்டிருந்த செய்திகளும் அப்படியே. எழுதியவர் ஒருமுறை வேண்டாமென்று நீக்கியதை, வட்டில் பைட்டுகள் மிஞ்சிவிட்டன என்பதற்காகத் தேடலில் காட்ட எனக்கு உரிமை இல்லையென்று கருதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை புளியாணச் செய்திகள் பதினொன்றையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டு மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்து, முழுவதையும் படித்தார். ஏழாவது செய்தியில் நிறுத்தி, “இது என்ன மகள், மனலை?” என்று கேட்டார்.

“அப்படித்தான் எழுதியிருக்கிறது மாமா. சிறிய என்.”

“மணலை மீன். இந்தப் பிள்ளை வாழைச்சேனைப் பக்கம். எப்போதும் அவசரமாக எழுதுவார், பெரிய எழுத்தை அமுக்க மறந்திருப்பார்.”

தரவுத்தளத்தில் படித்தவர் திருத்தம் என்று ஒரு புதிய நிரலைச் சேர்த்து, அதில் ‘மணலை’ என்று எழுதி, திருத்தியவர் மாமா என்பதையும் அன்றைய திகதியையும் இட்டேன். முதல் நிரலில் அந்தச் சிறிய என் அப்படியே இருக்கிறது.